மைக்ரோகெர்னல் மேல் அன்றாட டெஸ்க்டாப்: ஹர்ட், ஸ்கல்ப்ட், ரெடாக்ஸ் எதுவரை போகும்?

#1 விசைப்பலகை

வணக்கம் நண்பர்களே. மைக்ரோகெர்னல் (டிரைவர், கோப்பு முறைமை போன்றவற்றைத் தனக்கு வெளியே தனி ப்ராசஸ்களாக வைக்கும் சிறிய கெர்னல்) மேல் ஓடும் ஓர் இயங்குதளத்தை அன்றாடம் பயன்படுத்திப் பார்க்கிறேன். எடுத்தது டெபியன் க்னூ/ஹர்ட் 2025, 64 பிட் இமேஜ், லினக்ஸ் மேல் வர்ட்-மேனேஜர் வழியாக க்யூஎமு மெய்நிகர் கணினியில். மெமரி 2 ஜிபி, 4 சிபியு. தேவை பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு விண்டோ மேனேஜர், உலாவி, பிடிஎஃப் பார்க்க ஒன்று, ஈமேக்ஸ், தமிழில் தட்டச்சு.

இப்போதைய நிலை: டிஸ்க்கை விர்ட்டியோவிலிருந்து சாட்டாவுக்கு மாற்றிய பிறகுதான் பூட் ஆனது. எழுத்துத் திரையில் எல்லாம் ஓடுகிறது. ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தால் சாம்பல் திரை வருகிறது, ஆனால் சுட்டி நகரவில்லை, விசையும் ஏறவில்லை. நெட்வொர்க்கும் இல்லை. இது சரியாகக்கூடியதா, அல்லது ஸ்கல்ப்ட், ரெடாக்ஸ் என்ற மற்ற மைக்ரோகெர்னல் இயங்குதளங்கள் பக்கம் போவது நல்லதா?

#2 நுண்கரு

சரியாகும். நீங்கள் சொன்னதில் பாதி, வர்ட்-மேனேஜர் தானாகச் சேர்க்கும் உறுப்புகளால் வருவது. முதலில் வன்பொருள் பட்டியலைத் திருத்துங்கள்.

யுஎஸ்பி டேப்லெட் என்று ஓர் உள்ளீட்டுச் சாதனம் அதில் இருக்கும், அதை நீக்குங்கள். ஹர்டின் கன்சோல் விசைப்பலகையையும் சுட்டியையும் பிஎஸ்/2 வழியாகத்தான் படிக்கிறது. டேப்லெட் இருக்கும்வரை க்யூஎமு சுட்டி அசைவை அதற்கே அனுப்பும், ஹர்டுக்கு எதுவும் வந்து சேராது. நெட்வொர்க் கார்டு விர்ட்டியோவில் இருந்தால் இ1000 ஆக்குங்கள். அந்தக் கார்டை ஓட்டுவது நெட்டிடிஇ. லினக்ஸ் 2.6 காலத்து டிரைவர்களைக் கெர்னலுக்கு வெளியே தனி ப்ராசஸாக ஓட்டும் ஏற்பாடு அது. விர்ட்டியோ அதில் எடுபடாது. திரைக்குச் சாதாரண விஜிஏ போதும்.

அடுத்தது எக்ஸ், அதாவது திரையில் ஜன்னல்களைக் காட்டும் அடுக்கு. லினக்ஸில் எக்ஸ் சர்வர் யுடெவைக் கேட்டுச் சாதனங்களைக் கண்டுபிடிக்கும். லிப்இன்புட், எவ்டெவ் வழியாகப் படிக்கும். இங்கே அந்த மூன்றும் இல்லை. ஹர்ட் கன்சோல்தான் விசைப்பலகையையும் சுட்டியையும் கையில் வைத்திருக்கிறது. வந்த நிகழ்வுகளை அது டெவ் அடைவில் உள்ள கேபிடி, மவுஸ் என்ற இரண்டு கணுக்களில் (சாதனக் கோப்புகளில்) திரும்ப வெளியிடும். எக்ஸ் அங்கிருந்து படிக்கும். கன்சோல் ஓடாவிட்டால் அந்தக் கணுக்களுக்குப் பின்னால் ஆளில்லை. உங்கள் சாம்பல் திரை அதுதான்.

செய்ய வேண்டியவை:

1. இடிசி அடைவில் டீஃபால்ட் என்பதற்குள் ஹர்ட்-கன்சோல் கோப்பைத் திறந்து கன்சோலை இயங்கும் நிலைக்கு மாற்றுங்கள். விசைப்பலகை வரியிலும் சுட்டி வரியிலும் ரிப்பீட் விருப்பம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கன்சோலுக்கு விசை வரும், எக்ஸுக்கு வராது.
2. எக்ஸ் சர்வரின் பழைய கேபிடி, மவுஸ் உள்ளீட்டு டிரைவர்களையும் வெசா திரை டிரைவரையும் நிறுவுங்கள்.
3. சாதாரணப் பயனராக எக்ஸ் தொடங்க வேண்டுமானால் எக்ஸ்சர்வர்-எக்ஸ்ஆர்க்-லெகசி பேக்கேஜை மறுகட்டமைத்து, யார் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்ற விடையைத் தேர்ந்தெடுங்கள். வெசா டிரைவர் வன்பொருளை நேரடியாகத் தொடுகிறது. ரூட் உரிமை இல்லாமல் அது நடக்காது.

நெட்வொர்க் வந்ததா என்று பிங் வைத்துச் சோதிக்காதீர்கள். க்யூஎமுவின் பயனர் வகை நெட்வொர்க்கில் பிங் பெரும்பாலும் திரும்பி வராது. ஏபிடி அப்டேட் ஓடுகிறதா என்று பாருங்கள், அதுவே சோதனை.

#3 பொட்டலம்

இன்னும் இரண்டு. சிபியு எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். ஹர்டின் மைக்ரோகெர்னலான க்னூமாக், வழக்கமான வடிவில் ஒரே ப்ராசஸரில்தான் ஓடுகிறது. பல ப்ராசஸர் ஆதரவு தனியாகக் கேட்டுக் கட்ட வேண்டிய, இன்னும் முதிராத பகுதி. கேவிஎம் (மெய்நிகர் கணினிக்கு லினக்ஸ் தரும் வன்பொருள் முடுக்கம்) இயங்குகிறதா என்றும் உறுதி செய்யுங்கள். அது இல்லாமல் ஓட்டிவிட்டு மைக்ரோகெர்னல் மெதுவானது என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

டிஸ்க்கின் பெயரையும் கவனியுங்கள். 64 பிட்டில் டிஸ்க் டிரைவர் நெட்பிஎஸ்டியிலிருந்து வந்த ரம்ப்டிஸ்க். அதன் கணக்கில் முதல் டிஸ்க் டபிள்யுடி0. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பார்த்து எஃப்எஸ்டேபில் எச்டி0 என்று எழுதிவிட்டால் அடுத்த பூட்டில் பார்ட்டிஷன் கிடைக்காது. க்ரப் வரியில் உள்ள நோஐடிஇ விருப்பத்தையும் எடுக்காதீர்கள். கெர்னலின் பழைய ஐடிஇ டிரைவரும் ரம்ப்டிஸ்க்கும் ஒரே வன்பொருளுக்கு மோதிக்கொள்ளாமல் தடுப்பதற்கான விருப்பம் அது.

கோப்பு முறைமை இஎக்ஸ்டி2, ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) இல்லாதது. ஜன்னலை மூடி மெஷினை நிறுத்தினால் அடுத்த முறை கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே ஓடும். சில நேரம் கையால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முறையாக ஹால்ட் கொடுங்கள். பேக்கேஜ் நிறுவும் முன் இமேஜுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

#4 விசைப்பலகை

டேப்லெட்டை நீக்கி, கன்சோலைப் போட்டதும் சுட்டி வந்துவிட்டது. நெட்வொர்க்கும் வந்தது. மிக்க நன்றி.

இனி பேக்கேஜ். எது கிடைக்கும், எது கிடைக்காது என்று முன்கூட்டியே எப்படி அறிவது? எக்ஸுக்குப் பதிலாக வேலாண்டு வழியில் போகலாமா?

#5 பொட்டலம்

2025 ஆகஸ்டில் வந்த வெளியீட்டின்படி டெபியன் தொகுப்பில் ஏறத்தாழ 72 சதவீதம் ஹர்டுக்குக் கட்டப்பட்டிருக்கிறது. 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் அதே அளவு. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நூலகங்களும் கட்டளைவரிக் கருவிகளும் அதில் பெரும்பங்கு. நம் கண்ணுக்குத் தெரியும் பெரிய டெஸ்க்டாப் மென்பொருள்கள்தான் மிச்சமுள்ள 28-இல் கூடிக் கிடக்கின்றன.

ஏபிடி-கேஷ் பாலிசி கட்டளையோடு பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். கேண்டிடேட் வரியில் பதிப்பு எண் இருந்தால் உண்டு. இல்லையென்றால் டெபியனின் பில்ட்டி நிலைப் பக்கத்தில் ஹர்ட்-ஏஎம்டி64 வரியைப் பாருங்கள். அங்கே பிடி-அன்இன்ஸ்டாலபிள் என்று நின்றால் அந்த மென்பொருளின் மேல் குற்றமில்லை. அதைக் கட்டத் தேவையான வேறொன்று இன்னும் வரவில்லை. பில்ட்-அட்டெம்ப்டட் என்றால் கம்பைல் செய்து பார்த்துத் தோற்றிருக்கிறது, பதிவேடு அங்கேயே இருக்கும், படித்தால் காரணம் தெரியும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஹர்டில் ஓடாது என்று எழுதிவிடுகிறார்கள்.

ஏபிடி மூலப் பட்டியலில் வெளியீட்டோடு வந்த ஸ்னாப்ஷாட் முகவரியையே வைத்துக்கொள்ளுங்கள். அன்ஸ்டேபிளுக்கு மாறினால் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வரும்: எல்லாக் கணினிக்கும் பொதுவான தரவு பேக்கேஜ் புதுப் பதிப்புக்குப் போய்விடும், ஹர்டுக்கான பைனரி இன்னும் கட்டப்பட்டிருக்காது. இரண்டும் ஒரே பதிப்பைக் கேட்பதால் நிறுவல் நின்றுவிடும். மேம்படுத்தும் முன் ஏபிடியின் பாவனை ஓட்ட விருப்பத்தைக் கொடுத்து, எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று படியுங்கள். அதில் எக்ஸ் சர்வர் பெயர் தெரிந்தால் அன்று மேம்படுத்த வேண்டாம். சாவி இல்லை என்று ஏபிடி மறுத்தால் டெபியன்-போர்ட்ஸ் சாவிக்கொத்துப் பேக்கேஜைப் புதுப்பியுங்கள். அந்தச் சாவி ஆண்டுதோறும் மாறுவது.

#6 நுண்கரு

வேலாண்டு கேள்விக்கு: எக்ஸிலேயே நில்லுங்கள். வேலாண்டின் அடிப்படை நூலகம் இபோல், டைமர்எஃப்டி, சிக்னல்எஃப்டி என்ற லினக்ஸ் அழைப்புகளை நம்பி எழுதப்பட்டது. அதற்கு மேல் கம்பாசிட்டர்கள் (ஜன்னல்களைத் திரையில் சேர்ப்பவை) கெர்னலின் டிஆர்எம் என்ற கிராபிக்ஸ் அடுக்கு வழியாகத் திரையைப் பிடிக்கும்; ஹர்டில் அந்த அடுக்கு இல்லை. ஓபன்ஜிஎல் கேட்கும் மென்பொருளுக்கு மேசா சிபியுவிலேயே வரைந்து கொடுக்கும். பிடிஎஃப் பார்க்கப் போதும், வீடியோவுக்குப் போதாது. ஒலிக்கும் நம்பி நிற்கக்கூடிய ஏற்பாடு இல்லை.

க்னோம் வேண்டாம், அது சிஸ்டம்டியின் லாகின்டியை எதிர்பார்க்கிறது. ஐஸ்டபிள்யுஎம், ஓபன்பாக்ஸ் போதும். எக்ஸ்எஃப்சிஇ போடலாம், மின்கலம், ஒலி, டிஸ்க் செருகினால் தானே திறப்பது ஆகிய பகுதிகள் பேசாமல் இருக்கும்.

உலாவிதான் உண்மையான குறை. ஃபயர்ஃபாக்ஸை கட்ட ரஸ்ட் வேண்டும். ரஸ்ட் 2025 வெளியீட்டில்தான் ஹர்டுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே அந்தப் பாதை இப்போதுதான் திறந்திருக்கிறது. குரோமியமும் அதன் மேல் நிற்கும் எலக்ட்ரான் செயலிகளும் வேறு கதை. அவற்றின் சாண்ட்பாக்ஸ் முழுக்க லினக்ஸின் செக்காம்ப், நேம்ஸ்பேஸ் மேல் நிற்கிறது. டில்லோ, நெட்சர்ஃப் அளவில் தொடங்குங்கள்.

ஹர்டை டெஸ்க்டாப்பாக வைத்துக்கொள்ள ஒரு வலுவான காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஹர்டில் ஒரு கோப்புப் பெயருக்குப் பின்னால் நின்று அதன் உள்ளடக்கத்தைத் தரும் ப்ராசஸுக்கு டிரான்ஸ்லேட்டர் என்று பெயர். ஓர் ஐஎஸ்ஓ கோப்பு இருக்கிறது என்று வையுங்கள். செட்டிரான்ஸ் கட்டளையில் சி, ஏ விருப்பங்களோடு ஒரு வெற்று அடைவின் பெயர், ஐஎஸ்ஓ9660எஃப்எஸ் டிரான்ஸ்லேட்டரின் பாதை, கோப்பின் பெயர் மூன்றையும் கொடுங்கள். அந்த அடைவுக்குள் ஐஎஸ்ஓ விரிந்து நிற்கும். ரூட் தேவையில்லை, கெர்னல் மாட்யூல் தேவையில்லை. கோப்பு மேலாளர், ஈமேக்ஸ், பிடிஎஃப் பார்வைக் கருவி எல்லாவற்றுக்கும் அது சாதாரண அடைவு. எஃப்டிபிஎஃப்எஸ் போட்டால் தொலைவில் உள்ள சர்வரும் அப்படித்தான். லினக்ஸில் இதுபோன்ற வேலையைச் செய்யும் ஃபியூஸ் பிறகு கொண்டுவந்து ஒட்டியது. இங்கே அமைப்பே இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

டிரான்ஸ்லேட்டர் செத்தால் அந்தக் கணுவைத் தொடும் செயலிக்கு ‘டிரான்ஸ்லேட்டர் டைட்’ என்ற பிழை வரும். எஃப், ஜி விருப்பங்களோடு செட்டிரான்ஸ் கொடுத்துப் பழையதை அகற்றிப் புதிதாக வையுங்கள். செயலி முன்பே திறந்து வைத்திருந்த கோப்பு மட்டும் உயிர்பெறாது, அதை மூடித் திறக்க வேண்டும். ரூட் பார்ட்டிஷனின் இஎக்ஸ்டி2எஃப்எஸ் செத்தால் மட்டும் மறுபூட்டைத் தவிர வழியில்லை.

#7 தச்சன்

பேக்கேஜ் இல்லாத ஒன்றைத் தாமே கம்பைல் செய்ய நினைப்பவர்களுக்கு. மாக் கெர்னலால் தோற்கும் மென்பொருள் மிக அரிது. தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்று.

பாத்_மேக்ஸ். ஹர்டில் பாதையின் நீளத்துக்கு வரம்பு இல்லை, அதனால் அந்த மாறிலியே வரையறுக்கப்படவில்லை. பாசிக்ஸ் அதை அனுமதிக்கிறது. 4096 என்று நாமே டிஃபைன் செய்து தள்ளுவது தற்காலிக ஒட்டு. ரியல்பாத்துக்கு இரண்டாவது அளவுருவாக நல் கொடுங்கள், கெட்சிடபிள்யுடிக்கு நல்லும் சுழியமும் கொடுங்கள். தேவையான இடத்தை சி நூலகமான ஜிலிப்சியே ஒதுக்கித் தரும். ரீட்லிங்குக்கு மட்டும் ஒரு சுழல் எழுத வேண்டும்: சிறிய இடத்தில் தொடங்கி, நிரம்பினால் இரட்டித்து மறுபடி. எல்ஸ்டாட் தரும் அளவை நம்பி ஒதுக்காதீர்கள், சில கோப்பு முறைமைகள் அங்கே சுழியம் தரும். இப்படித் திருத்தினால் அந்தத் திருத்தம் லினக்ஸிலும் நல்லதுதான், மூல ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

எர்னோ எண். இது மோசமாக அலைய விடும். ஹர்டில் பிழை எண்கள் 1073741824 என்ற அடித்தளத்தின் மேல் கூட்டப்பட்டவை. கோப்பு இல்லை என்ற பிழை லினக்ஸில் 2, இங்கே 1073741826. பதிவேட்டில் இதைப் பார்த்தால் மெமரி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிழை எண்ணை அணியின் சுட்டெண்ணாகவோ, 8 பிட், 16 பிட் புலத்தில் அடைத்தோ வைக்கும் நிரல் இங்கே உடையும்.

அடையாளம். யுநேம் தருவது க்னூ என்று மட்டும். சிமேக், மீசான் இரண்டும் அதே பெயரைத்தான் தரும். லினக்ஸ் இல்லையென்றால் பிஎஸ்டி என்று கிளை பிரிக்கும் நிரல்கள் தவறான பக்கம் போகும். லினக்ஸா என்று கேட்கும் இடத்தில் அந்த அழைப்பு இருக்கிறதா என்று கேட்கும்படி மாற்றுங்கள். பல நேரம் மூன்று வரித் திருத்தத்தில் வேலை முடியும்.

சிஸ் அடைவு இல்லை. ப்ராக் உண்டு, ஆனால் லினக்ஸில் உள்ள எல்லாக் கோப்பும் அதில் இல்லை. ஐநோட்டிஃபை இல்லை. கோப்பு மாறினால் தானே புதுப்பிக்கும் வசதியைக் கட்டமைக்கும்போதே அணைத்துவிடுங்கள்.

#8 அலைவரிசை

எல்லாம் சரி, ஆனால் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும்போது காபி குடித்துவிட்டு வரலாம் போலிருக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் ஐபிசி (ப்ராசஸ்களுக்கிடையே செய்தி அனுப்புவது) என்றால் இந்த வகை அமைப்பில் டெஸ்க்டாப் என்றுமே வேகமாகாது என்பதுதானே பொருள்?

#9 நுண்கரு

அப்படி இல்லை. 1997-இல் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு லினக்ஸை எல்4 என்ற மைக்ரோகெர்னல் மேல் பயனர் நிலை சர்வராக ஓட்டி அளந்தது. ஏய்ம் என்ற வேகச் சோதனையில் இழப்பு 5 சதவீதம். அதே சோதனையில் மாக் மேல் ஓடிய எம்கேலினக்ஸின் இழப்பு, கெர்னலுக்குள்ளேயே வைத்தபோது அதைப் போல 5 மடங்கு, வெளியே வைத்தபோது 7 மடங்கு. ஆக விலையைத் தீர்மானிப்பது எந்த மைக்ரோகெர்னல், அதன் ஐபிசி எவ்வளவு மெலிதானது என்பது. ஹர்ட் நிற்பது மாக் வழியில் வந்த க்னூமாக் மேல். அந்தக் கனம் உண்மைதான்.

கான்ஃபிகர் மெதுவாவதற்குக் குறிப்பான காரணம் ஃபோர்க், அதாவது ஒரு ப்ராசஸ் தன் நகலைப் பிறப்பிப்பது. ஹர்டில் ஃபோர்க் என்பது கெர்னல் அழைப்பு அல்ல, ஜிலிப்சிக்குள் எழுதப்பட்ட நீண்ட வேலை. மெமரியை மாக் நகலெடுக்காமல் பகிர்ந்துகொள்ளும், அது மலிவு. ஆனால் போர்ட் (செய்தி அனுப்பும் வாயில்) உரிமைகளை ஒவ்வொன்றாகப் புதிய டாஸ்க்குக்குக் கொடுக்க வேண்டும், ப்ராக் சர்வரிடம் பதிவு செய்ய வேண்டும், பிறகு எக்செக் சர்வரிடம் போக வேண்டும். கான்ஃபிகரோ ஆயிரக்கணக்கில் குட்டி ப்ராசஸ்களைப் பிறப்பிப்பது. அதனால் அங்கே வலி கூடுதல். திறந்து வைத்த ஈமேக்ஸில் எழுதும்போது அந்த வலி தெரியாது.

குறைக்க: எஸ்எச் என்பது டேஷைக் காட்டட்டும், பேஷை அல்ல. கான்ஃபிகருக்குப் பெரிய சி விருப்பம் கொடுத்தால் சோதனை முடிவுகளைக் கோப்பில் சேர்த்து வைத்து அடுத்த முறை எடுத்துக்கொள்ளும்.

#10 மென்சுவர்

ஸ்கல்ப்ட் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் தொடங்குகிறேன். டிரெஸ்டனில் உள்ள ஜெனோட் லேப்ஸ் உருவாக்குவது, 2018 முதல் வருகிறது. பிசியில் நோவா என்ற மைக்ரோகெர்னல். இமேஜை யுஎஸ்பியில் டிடி செய்து பூட் செய்யலாம். எஃப்12 அழுத்தினால் லைட்ஸென்ட்ராலே என்ற நிர்வாகத் திரை. எந்தக் கூறு எதோடு பேசுகிறது என்ற வரைபடம் அங்கே இருக்கும்.

ஹர்டுக்கும் இதற்கும் அடிப்படையே வேறு. இங்கே ஒரு செயலிக்குத் தானாக எதுவும் கிடைக்காது. திரை, எழுத்துரு, கோப்பு, நெட்வொர்க் ஒவ்வொன்றையும் எந்தக் கூறு தரும் என்று நீங்கள் கைகாட்ட வேண்டும். க்யூடி வெப்எஞ்சின் மேல் நிற்கும் ஃபால்கன் உலாவி இதில் ஓடுகிறது. இன்றைய வலைத்தளம் திறக்க வேண்டும் என்பவருக்கு ஹர்டை விட இதுவே பயன்.

தடுக்கி விழும் இடம் ஒதுக்கீடு. ஒவ்வொரு கூறுக்கும் ராம் இவ்வளவு, கேப் எனப்படும் உரிமைச் சீட்டு இவ்வளவு என்று தொடங்கும்போதே தரப்படுகிறது. தீர்ந்தால் செயலி சாகாது. தாய்க் கூறிடம் கேட்டுவிட்டு அப்படியே நிற்கும். திரை உறைந்ததைப் பார்த்துப் பிழை என்று நினைக்கிறோம். லாக்கைத் திறந்து, தீர்ந்தது ராமா கேப்பா என்று பார்த்து அதை மட்டும் கூட்டுங்கள். ராமைக் கூட்டிக்கொண்டே போய் கேப்பைக் கவனிக்காமல் விடுவது பொதுவான தவறு.

மென்பொருளைக் கொண்டுவர கோவா என்ற கருவி. ஓர் அடைவில் மூலம் எங்கிருந்து எடுக்க வேண்டும், அதன் ஹேஷ் என்ன என்று ஒரு கோப்பு. எந்த ஏபிஐ வேண்டும் என்று ஒரு கோப்பு. கட்டி முடித்ததில் எவற்றை எடுத்துவைக்க வேண்டும் என்று ஒரு கோப்பு. சிமேக், ஆட்டோகான்ஃப், க்யூமேக் எல்லாம் அதற்குத் தெரியும். கோவா ரன் கொடுத்தால் லினக்ஸ் மேலேயே ஜெனோட் கூறாக ஓடிக் காட்டும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபூட் தேவையில்லை. சி நூலகம் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து எடுத்தது. ஃபோர்க் உண்டு, ஆனால் மெமரி முழுவதையும் நகலெடுக்கும். ஷெல்லுக்குச் சரி, 500 எம்பி பிடித்த செயலி ஃபோர்க் செய்தால் இன்னொரு 500 எம்பி அந்த ஒதுக்கீட்டிலேயே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் ஸ்கல்ப்டின் மேல் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உள்ளே லினக்ஸ் வைத்து, அன்றாட வேலையை அங்கே செய்யலாம்.

#11 தச்சன்

கடைசி வரியில் மட்டும் உடன்பாடில்லை நண்பரே. உலாவி, அலுவலகச் செயலி, அஞ்சல் எல்லாம் ஒரே லினக்ஸுக்குள் ஓடினால், அவற்றுக்கிடையே மைக்ரோகெர்னல் கொடுத்த சுவர் எது? உள்ளே ஒன்று கெட்டால் மற்றதும் கெடும். மைக்ரோகெர்னல் மேல் டெஸ்க்டாப் மென்பொருள் ஓடுகிறது என்று அதைச் சொல்லக் கூடாது.

#12 மென்சுவர்

நியாயமான மறுப்பு. ஆனாலும் சுவர் முழுக்க இல்லை என்பதை ஏற்கமாட்டேன். நெட்வொர்க் டிரைவரும் டிஸ்க் டிரைவரும் விஎம்முக்கு (விர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டும் மெய்நிகர் கணினிக்கு) வெளியே தனிக் கூறுகள். விர்ச்சுவல்பாக்ஸே உரிமை குறைந்த ஒரு சாதாரணக் கூறு. வங்கி வேலைக்கு ஒரு விஎம், மற்றதற்கு ஒன்று என்று பிரித்தால் நடுவில் இருப்பது நோவாவின் சிறிய குறிநிரலும் ஜெனோட்டின் பொதுக் கூறுகளும் மட்டும். செயலிக்குச் செயலி சுவர் வேண்டுமானால் ஃபால்கன் போல நேரடியாகக் கொண்டுவருவதுதான் வழி, அதில் நீங்கள் சொல்வது சரி.

விஎம் வைப்பவர்களுக்கு: மெஷின் கோப்பில் எழுதும் மெமரி வேறு, கூறுக்குத் தரும் ராம் வேறு. உள்ளே 2 ஜிபி என்றால் வெளியே அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், விர்ச்சுவல்பாக்ஸுக்கும் பங்கு உண்டு. இரண்டையும் சமமாக எழுதினால் தொடங்கும்போதே நிற்கும்.

#13 பொட்டலம்

ரெடாக்ஸ் பற்றிச் சுருக்கமாக. ரஸ்டில் எழுதப்பட்டது, 2015-இல் தொடங்கியது. டெஸ்க்டாப் இமேஜை க்யூஎமுவில் போட்டால் சில நொடிகளில் ஆர்பிட்டல் என்ற அதன் ஜன்னல் திரை வரும். பயனர் பெயர் யூசர், கடவுச்சொல் வெற்று. காஸ்மிக் டெர்மினல், காஸ்மிக் கோப்பு மேலாளர், காஸ்மிக் எடிட்டர், நெட்சர்ஃப் ஓடுகின்றன. வைஃபை இல்லை.

புதிதாகக் கொண்டுவர, செயலி எந்தக் கருவித்தொகுப்பில் எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். எஸ்டிஎல் அல்லது வின்இட் என்றால் ஆர்பிட்டலுக்கு நேர்வழி உண்டு. ரெசிபி கோப்பில் மூலத்தின் முகவரி, கார்கோ, கான்ஃபிகர், சிமேக் இவற்றில் எந்த வார்ப்பு, சார்புகள் என்று எழுதினால் போதும். முதல் தோல்வி பெரும்பாலும் இணைப்பு நேரத்தில் வரும்: ரெல்லிப்சி என்ற அவர்களின் சி நூலகத்தில் இல்லாத ஒரு ஃபங்ஷன். இடமில்லை என்ற பிழை வந்தால் கட்டமைப்புக் கோப்பில் ஃபைல்சிஸ்டம் அளவைக் கூட்டி இமேஜை மறுபடி கட்டுங்கள்.

#14 விசைப்பலகை

ஹர்டிலேயே இருக்கிறேன். ஐஸ்டபிள்யுஎம், ஈமேக்ஸ், டில்லோ ஓடுகின்றன. தமிழ் எழுத்துகள் டில்லோவில் கட்டம் கட்டமாக வருகின்றன. தமிழ்99 தளவமைப்பு போட்டால் க-வுக்குப் பின் இ அடித்தால் கி ஆகாமல் கஇ என்று வருகிறது. இது ஹர்டின் குறையா?

#15 நுண்கரு

இரண்டுமே ஹர்டின் குறை அல்ல. கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ அல்லது லோகித் தமிழ் பேக்கேஜைப் போட்டு எஃப்சி-கேஷ் ஓட்டுங்கள். எழுத்தைக் கோப்பதற்குக் கெர்னலிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அதைச் செய்யும் ஹார்ஃப்பஸ் வெறும் நூலகம். ஈமேக்ஸில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சரியான இடத்தில் நின்றால் எழுத்துரு அடுக்கு சரி.

தமிழ்99 சிக்கல் எக்ஸின் விசைப்பலகை அடுக்கான எக்ஸ்கேபியின் இயல்பு. அது ஒரு விசைக்கு ஒரு குறி என்று மட்டும் அறியும், முன்னால் என்ன எழுத்து இருந்தது என்று பார்க்காது. தமிழ்99-இல் உயிரைக் குறியாக மாற்றுவதற்கு முந்தைய எழுத்து தெரிய வேண்டும். ஆகவே எம்17என் போன்ற உள்ளீட்டு முறை வேண்டும். அதை ஓட்ட ஐபஸ் என்ற உள்ளீட்டுச் சட்டகம், ஐபஸுக்கு, செயலிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் டிபஸ் அமர்வு. ஸ்டார்ட்எக்ஸ் வழியாக வந்தால் டிபஸ் அமர்வு தானே தொடங்கியிருக்காது, ஆகவே எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் ஐஸ்டபிள்யுஎம்மை டிபஸ்-ரன்-செஷன் வழியாக அழையுங்கள். ஜிடிகே, க்யூடி, எக்ஸ்ஐஎம் மூன்றின் சூழல் மாறிகளையும் அதற்கு முந்தைய வரிகளில் ஐபஸுக்குத் திருப்புங்கள்.

ஈமேக்ஸுக்கு இதில் எதுவும் வேண்டாம். அதன் உள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகள் இருக்கின்றன. கண்ட்ரோலும் பின்சாய்கோடும் சேர்த்து அழுத்தினால் மாறும்.

#16 விசைப்பலகை

டிபஸ்-ரன்-செஷன் வரியைச் சேர்த்தவுடன் ஐபஸ் எழுந்துவிட்டது. கி, கோ, கௌ எல்லாம் சரியாக விழுகின்றன. நெட்சர்ஃபில் மட்டும் ஐபஸ் எட்டிப் பார்க்கவில்லை.

#17 தச்சன்

நெட்சர்ஃபுக்கு ஜிடிகே முகம், ஃப்ரேம்பஃபர் முகம் என்று இரண்டு பேக்கேஜ் உண்டு. ஃப்ரேம்பஃபர் முகம் உள்ளீட்டு முறை நூலகத்தைத் தொடுவதே இல்லை. அதை நீக்கிவிட்டு, ஜிடிகே பேக்கேஜுக்குக் கேண்டிடேட் இருக்கிறதா என்று பாருங்கள்.